மறதிக்கு ஒரு மாதிரி வினாத்தாள்

எனக்கு மறதி நோய் தொடங்குகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, விடைகளைப் பாடமாக்க வைத்து என்னை அனுப்பியவர் என் வீட்டுக்காரர். இதைச் சொன்னால் சனம் சிரிக்கிறது. "அந்த மனுசனுக்கு உங்களில எவ்வளவு பட்சம்" என்று வேறு சொல்கிறார்கள். பட்சமோ பைத்தியமோ, எனக்கு வந்தது ஆத்திரம். அது இன்னும் முழுதாக இறங்கவில்லை.

நான் கொட்டாஞ்சேனையில் ஒரு டொக்டரின் டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவள். அவர் உள்ளே ஆளைப் பார்த்துத் துண்டு எழுதி அனுப்புவார். நான் குளிசைகளை எண்ணிச் சின்னக் கடதாசிக் கவரில் போட்டு, எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று எழுதிக் கொடுப்பேன். வீடு வெள்ளவத்தையில். புறக்கோட்டையில் இறங்கி அடுத்த பஸ் பிடிக்கவேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகன்மார் இருவரும் "இந்த வயசில ஏனம்மா அலையிறீங்கள்" என்று போனில் சலித்துக்கொள்வார்கள். எனக்கு அந்த அலைச்சல் பிடிக்கும். கொட்டாஞ்சேனைத் தெருவில் நடந்தால், "மிஸ், அந்தச் சிவப்புக் குளிசை முடிஞ்சு போச்சு" என்று யாராவது மறித்துக் கதைக்காமல் விடமாட்டார்கள்.

ஒரு காலை, காய்ச்சலோடு கிடந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தாள். நான் உள்ளே குளிசை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணி முடிப்பதற்குள், யாருக்கு எண்ணுகிறேன் என்பது என் தலையில் இல்லை. கைமட்டும் பழக்கத்தில் கவரை மடித்தது. பிள்ளையின் பெயரை எழுதப் பேனையை எடுத்தபோதுதான் பார்த்தேன், உள்ளே கிடந்தது முதல் வந்த கிழவருக்குரிய பிரஷர் குளிசை. கவரைக் கிழித்துப்போட்டு, சரியானதைக் கட்டிக் கொடுத்துவிட்டு, நேரே உள்ளே போய் டொக்டரிடம் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. "முதல்ல உங்களைச் சோதிச்சுப் பாப்பம்" என்று பொரளைப் பக்கத்தில் இருக்கும் ஒரு மூளை, நரம்பு ஸ்பெஷலிஸ்டுக்குக் கடிதம் தந்தார்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். என் தலைக்கு என்ன நடக்கிறது என்று தெரியவேண்டும். நல்ல செய்தி கிடைக்கவேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. என் கை ஒரு பிள்ளைக்கு மருந்து கொடுக்கலாமா, கூடாதா? அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் எப்படி அந்த வாசற்படி ஏறுவது?

ஸ்பெஷலிஸ்டிடம் இடம் கிடைக்கச் சில கிழமைகள் ஆயின. அந்த இடைவெளியில்தான் என் வீட்டுக்காரர் வேலையைக் காட்டினார்.

இவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அரசாங்கக் கந்தோரில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். மகன்மாரின் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் தொடங்கிக் கடைசிப் பரீட்சை வரைக்கும் பாஸ்ட் பேப்பர் சேர்த்துக் கொடுத்ததுதான் இவருடைய வாழ்நாள் சாதனை. வெள்ளவத்தையில் இது ஒன்றும் புதினமில்லை. ஒழுங்கைக்கு ஒழுங்கை டியூஷன், வீட்டுக்கு வீடு மாதிரி வினாத்தாள். எந்தச் சோதனையானாலும் போன முறை என்ன கேட்டார்கள் என்று விசாரிப்பதுதான் எங்கள் ஆட்களுக்கு முதல் வேலை. விசா நேர்காணலுக்கும் அப்படித்தான், லைசென்ஸுக்கும் அப்படித்தான். மூளைக்கும் அப்படித்தான் என்று இவர் நினைத்துவிட்டார்.

பின்னேரங்களில் மரைன் டிரைவில் இவரோடு நடக்கும் சிநேகிதர் ஒருவரின் மனைவிக்கும் இதே சோதனை நடந்திருக்கிறது. சிநேகிதர் பக்கத்தில் இருந்து கேட்டவற்றை எல்லாம் மனத்தில் வைத்திருந்தார். நடந்து போட்டு வந்த இவர் செருப்பைக் கழற்ற முன்பே தொடங்கினார்.

"இஞ்சாரும், இண்டைக்கு என்ன திகதி? கிழமை? சொல்லும் பாப்பம்."

பிறகு ஒவ்வொரு காலையும் தேத்தண்ணிக்குப் பின் வகுப்பு. ஐந்து சொற்கள்: குடை, நெல், சங்கு, பாலம், மஞ்சள். அவற்றைச் சொல்லவேண்டும். வட்டம் கீறி மணிக்கூடாக்கி இரண்டே முக்கால் காட்டவேண்டும். நூறிலிருந்து ஏழேழாகக் குறைத்துக்கொண்டு வரவேண்டும். பிறகு திரும்ப அந்த ஐந்து சொற்கள். நான் தேங்காய் துருவினால் குசினி வாசலில் நின்று "குடை, பிறகு?" என்பார். குளித்துவிட்டு வந்தால் "தொண்ணூற்று மூண்டுக்குப் பிறகு?" என்பார்.

"இதென்ன விசர்க் கூத்து? எனக்கு வருத்தமா இல்லையா எண்டு பாக்கத்தானே போறன்" என்று கத்தினேன்.

"உமக்கு ஒண்டுமில்லை. அங்க போய்ப் பயத்தில தடுமாறினா வருத்தம் எண்டு எழுதிப்போடுவினம். அதுக்குத்தான் சொல்லுறன்."

காதைப் பொத்திக்கொண்டா இருக்க முடியும்? வீட்டில் ஒரே பாட்டு ஓடினால் பிடிக்காதவளுக்கும் பாடமாகிவிடும். அப்படித்தான் எனக்கும் ஆயிற்று.

ஸ்பெஷலிஸ்ட் சிங்களவர், மரியாதையான மனிதர். அவருடைய தமிழ் உதவியாளர் பெண் ஒருத்தி தமிழில் கேள்விகளை வாசித்தாள். குடை, நெல், சங்கு, பாலம், மஞ்சள். ஒரு சொல்லும் மாறவில்லை. எனக்கு முகம் சுட்டது. எல்லாம் முடிந்ததும், "டொக்டர், இது செல்லாது. இதை நான் வீட்டில் பாடமாக்கினேன்" என்று சிங்களத்தில் சொன்னேன். பக்கத்தில் இருந்த இவர் உடனே பெரிதாகச் சிரித்தார். "இவ எப்பவும் இப்படித்தான், பகிடி விடுவா" என்று இவரும் சிங்களத்தில் சொன்னார். டொக்டரும் சிரித்தார். என் தலைக்கு மேலால் இரண்டு ஆண்கள் சிரித்தார்கள், நடுவில் நான் வாயைத் திறந்தபடி இருந்தேன். முழுப் புள்ளிக்குக் கிட்ட எடுத்திருக்கிறேனாம். வயதுக்கு இது சாதாரணம், கவலைப்படாதீர்கள் என்று அனுப்பிவிட்டார்.

வெளியே வந்து இவர் செய்த அநியாயத்தைக் கேளுங்கள். "எங்க ஒரு புள்ளியை விட்டனீர்?" என்று கேட்டார். நான் பஸ்ஸில் வேறு சீட்டில் போய் இருந்தேன்.

பாஸ் பண்ணியவளுக்குச் சோகம் எதற்கு என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் வேலைக்குப் போனேன். ஆனால் குளிசைத் தட்டைத் தொட எனக்கு மனம் வரவில்லை. டொக்டரிடம் கேட்டு முன்மேசைக்கு மாறி, ஆட்களை வரிசையாக உள்ளே விடும் வேலையை எடுத்துக்கொண்டேன். அங்கேயும் ஒரு நாள், உள்ளே போய் வந்த ஒரு அம்மாவை "இன்னும் கொஞ்சம் பொறுங்கோ, உங்கட முறை வரும்" என்று திரும்ப வாங்கில் இருத்திவிட்டேன். அவவும் டொக்டர் ஏதோ மிச்சம் சொல்லப்போகிறார் என்று மத்தியானம் வரை இருந்திருக்கிறா. டொக்டர் கதவைப் பூட்ட வந்தபோதுதான் தெரிந்தது. "அந்தச் சின்னச் சோதனை காணாது. விரிவா ஒண்டு செய்யவேணும்" என்று அவர் இந்த முறை பிடிவாதமாக நின்றார்.

விரிவான சோதனை பம்பலப்பிட்டியில், ஒரு கடைக்கு மேல்மாடியில் நடந்தது. அதைச் செய்யும் உளவியலாளர் முஸ்லிம் பிள்ளை, என் மருமகள்மாரின் வயது. இவரை வெளியே வாங்கில் இருத்திவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். அதிலேயே எனக்குப் பாதி மனம் ஆறிற்று.

அவள் உடனே கேள்வித்தாளைத் தூக்கவில்லை. என்ன படித்தேன், எந்த மொழியில் படித்தேன், காது கேட்கிறதா, கண்ணாடி கொண்டுவந்தேனா, இரவில் நித்திரை எப்படி, என்ன குளிசைகள் எடுக்கிறேன், மனம் சோர்ந்துபோய் இருக்கிறதா என்று ஆறுதலாக விசாரித்தாள். ஏன் இவ்வளவு என்று கேட்டேன்.

"நித்திரை இல்லாட்டியும் மறக்கும் ஆன்ட்டி. மனசு சரியில்லாட்டியும் மறக்கும். காது கேக்காட்டி அது மறதி மாதிரியே தெரியும். அதெல்லாம் பாக்காம மூளையில பிழை எண்டு சொல்ல ஏலாது. உங்கட வயசு, உங்கட படிப்புள்ள ஆக்களோடதான் உங்கள ஒப்பிடணும். இதுல பாஸ், ஃபெயில் எண்டு ஒண்ணும் இல்ல. ஏலாட்டி ஏலாது எண்டு சொல்லுங்க."

பாஸ், ஃபெயில் இல்லையாம். அந்தக் கதவைத் திறந்து வெளியே இருக்கும் மனிதருக்குக் கேட்கும்படி இதைத் திருப்பிச் சொல் பிள்ளை என்று சொல்ல என் நாக்கு துடித்தது.

இரண்டு காலைகள் போனேன். எண்களை வாசித்துப் பின்பக்கமாகச் சொல்லச் சொன்னாள். கடதாசியில் சிதறிக் கிடந்த எண்களையும் எழுத்துகளையும் மாறி மாறிக் கோட்டால் இணைக்க வைத்தாள். ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்கள் சொல்ல முடியும் என்று கேட்டாள். பெட்டிகளும் கோடுகளும் பின்னிக்கிடந்த ஒரு படத்தைப் பார்த்துக் கீறச் சொல்லி, பிறகு அதைப் பாராமல் கீறச் சொன்னாள். அதில் எனக்கு வெளிச்சட்டத்தைத் தவிர வேறொன்றும் வரவில்லை. இனி அது எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்டாலும் சொல்லத் தெரியாது. மற்றவற்றில் பெரும்பாலும் நன்றாகச் செய்தேன் என்று அவளுடைய முகத்தில் தெரிந்தது.

ஒரு கட்டத்தில் நீளமான சொல்வரிசை ஒன்றை வாசித்தாள். நான் நினைவிருந்ததைச் சொன்னேன். அதே வரிசையைத் திரும்பத் திரும்ப வாசித்தாள், ஒவ்வொரு முறையும் நான் சொல்லும் சொற்கள் கொஞ்சம் கூடின. பிறகு வேறு வேலைகள் தந்துவிட்டு, அரை மணித்தியாலம் கழித்து, "முந்தி நான் வாசிச்ச சொல்லுகள் ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"ஓம்" என்றேன், நல்ல தைரியமாக. "குடை, நெல், சங்கு, பாலம், மஞ்சள்."

அவள் பேனையை எடுத்து எழுதினாள். பிறகு மெதுவாக, "இந்தச் சொல்லுகள நானா வாசிச்சேன் ஆன்ட்டி?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. "பின்னை ஆர் வாசிச்சது? நீங்கள்தானே பிள்ளை" என்றேன். அந்த நேரத்தில் எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. அவளுடைய குரலில் அந்தச் சொற்களைக் கேட்டதாகவே இருந்தது.

போகும்போது வாசலில் அவள் இவரிடம், "குடை, நெல், சங்கு... இப்புடிச் சில சொல்லுகள் வீட்ல ஏதாவது விசயத்துல பாவிப்பீங்களா அங்கிள்?" என்று கேட்டாள். இவர் கையை விரித்தார். "இல்லையே பிள்ளை. எனக்குத் தெரியாது" என்றார். வீட்டில் எனக்கு ஏதாவது தடுமாற்றம் இருக்கிறதா என்றும் கேட்டாள். "ஒண்டுமில்லை, நல்லாத்தான் இருக்கிறா" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கும் அப்போது ஒன்றும் பிடிபடவில்லை.

அவளுடைய அறிக்கை பொரளை ஸ்பெஷலிஸ்டுக்குப் போயிற்று. அவர் கூப்பிட்டார். இந்த முறை அவருடைய முகத்தில் சிரிப்பு இல்லை. சில மாதங்களுக்கு முன்பு கிட்டத்தட்ட முழுப் புள்ளி எடுத்தவர் இப்போது இவ்வளவு கீழே வந்திருந்தால், வேகமாகப் பரவும் ஏதோ ஒன்றாக இருக்கலாம் என்றார். ஆஸ்பத்திரியில் மறித்து வைத்து, முள்ளந்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கவேண்டுமாம். "எதற்கும் அந்தச் சின்னச் சோதனையை இப்போதே ஒருமுறை செய்து பார்ப்போம்" என்று உதவியாளருக்குச் சொன்னார்.

அந்தப் பெண் தாளை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். "குடை, நெல், சங்கு..."

"பாலம், மஞ்சள்" என்றேன் நான்.

அவள் நிறுத்திவிட்டாள். அவளுடைய குரலில் அந்தச் சொற்களைக் கேட்டதும் எனக்குள் எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது. பம்பலப்பிட்டியில் நான் சொன்னது அந்தப் பிள்ளை வாசித்த சொற்களே அல்ல. என் குசினி வாசலில் நின்று இந்த மனிதர் ஓதிய சொற்கள். அவள் அன்று காலையில் வாசித்தது ஒன்றும் என்னில் தங்கவில்லை. கிழமைக்கணக்காக அடித்து இறக்கியது மட்டும் கிடந்திருக்கிறது. அது தெரிந்தும் இவர் வாசலில் நின்று "எனக்குத் தெரியாது" என்று கையை விரித்திருக்கிறார்.

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கோ" என்றேன். "என்ர முள்ளந்தண்டில ஊசி போடப்போயினம். இப்பவும் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கப்போறீங்களோ?"

சொன்னார். சிங்களத்தில், இடையிடையே ஆங்கிலத்தில், தானே எனக்குப் படிப்பித்ததை முழுவதும் சொன்னார். பகிடி என்று தான் சொன்னது பொய் என்பதையும் சொன்னார். டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு ஊசியை இப்போதைக்கு வேண்டாம் என்று தள்ளிவைத்து, எங்களைத் திரும்பவும் பம்பலப்பிட்டிக்கு அனுப்பினார்.

அந்தப் பிள்ளை யாரையும் குறை சொல்லவில்லை. என் சோதனைகளில் என்ன தெரிந்தது என்று எனக்குத்தான் விளக்கினாள், இவருக்கு அல்ல. மறதி என்று நாம் ஒரே சொல்லில் சொல்கிறோம், அதற்குள் வேறு வேறு பிழைகள் இருக்கின்றன என்றாள். சொல் உள்ளே போகாமல் விடலாம். போனதும் தங்காமல் விடலாம். அல்லது தங்கியது தேடும்போது அகப்படாமல் விடலாம். அகப்படாமல் விடுகிறவருக்கு அந்தச் சொல்லை வாசித்துக் காட்டினால் "ஓம், இது இருந்தது" என்பார். எனக்கு வாசித்துக் காட்டியும் பலது தெரியவில்லையாம். டிஸ்பென்சரியில் மருந்து வேறு தட்டில் மாறிக்கிடப்பதும், இறாக்கையில் மருந்தே இல்லாமல் இருப்பதும் ஒன்றில்லையே, எனக்கு அது உடனே விளங்கிற்று. என் கவனம், கணக்கு, பேச்சு எல்லாம் வயதுக்கேற்ப நன்றாக இருக்கின்றன. புதியது தங்குவதில்தான் பிழை. குளிசை கொடுக்கும் வேலைக்கு இனிப் போகவேண்டாம் என்றாள். என் கை மருந்து கொடுக்கலாமா என்ற கேள்விக்கு ஒருவழியாக விடை கிடைத்துவிட்டது. இது இனி எப்படிப் போகும் என்று கேட்டேன்.

"முந்தின புள்ளிய நம்ப ஏலாது. அதால இது வேகமாப் போகுதா மெதுவாப் போகுதா எண்டு இப்ப சொல்ல ஏலாது ஆன்ட்டி. ஒரு வருசம் கழிச்சுத் திரும்பிப் பாக்கணும்" என்றாள். அதற்கு முன், வீட்டில் உண்மையில் என்ன நடக்கிறது, எப்போதிலிருந்து நடக்கிறது என்று இவர் சொல்லவேண்டும், அதுவும் சோதனையில் ஒரு பகுதிதான் என்றாள். வழக்கமாக அதைத் தனியே கேட்பார்களாம்.

"என்னைப் பற்றின கதைதானே. நான் இருக்கவேணும்" என்றேன்.

அவள் சம்மதித்தாள். இவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இனிப் பொய் சொன்னால் விடமாட்டேன் என்பது போல நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

"ஒரு வருசத்துக்கு மேல" என்று தொடங்கினார். பால் அடுப்பில் பொங்கி வழிய நான் பல்கனியில் நிற்பேனாம், இவர் வந்து அடுப்பை நூர்ப்பாராம். மகனோடு போன் கதைத்து வைத்த கையோடு, "இண்டைக்கு இன்னும் பெடியன் போன் எடுக்கேல்லை" என்பேனாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பொய். சும்மா கதை கட்டாதேங்கோ" என்றேன்.

"இவவின்ர அக்கா போன வருசம் லண்டனில மோசம்போட்டா" என்று அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சொன்னார். "விசா கிடைக்கேல்லை. செத்தவீட்டை லாப்டொப்பிலதான் பாத்தனாங்கள். இவ பின்னேரம் நித்திரையால எழும்பினா சில நாளில, அக்காவுக்கு ஒருக்கா போன் எடுத்துத் தாங்கோ எண்டு கேப்பா. நான் லைன் கிடைக்கேல்லை எண்டு சொல்லுவன். கொஞ்சத்தால மறந்துபோடுவா." இவருடைய குரல் உடைந்தது. "அதுக்குப் பிறகுதான் பிள்ளை நான் அந்தக் கேள்வியளைத் தேடித் திரிஞ்சனான். இவ பாஸ் பண்ணிப்போட்டா அதெல்லாம் ஒண்டுமில்லை எண்டு நானும் நினைச்சுக்கொண்டு இருக்கலாம்தானே."

அக்கா செத்தது எனக்குத் தெரியும். லாப்டொப்பில் அந்தப் பெட்டியைப் பார்த்தது, படம் இடையில் நின்று போனது, நான் திரையைத் தட்டியது, எல்லாம் தெரியும். அவளுக்குப் போன் எடுத்துத் தரச்சொல்லி நான் கேட்டதுதான் தெரியாது. எவ்வளவு தேடியும் அது என்னிடம் இல்லை. பொய் என்று திரும்பவும் சொல்ல வாயெடுத்தேன். அழுதுகொண்டிருந்த அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

ஆத்திரம் மட்டும் அப்படியே இருந்தது. என் அக்காவை, எனக்குத் தெரியாமல், லைன் கிடைக்காத இடத்தில் இத்தனை நாளாக உயிரோடு வைத்திருக்கிறார்.

"இனி நான் கேட்டா, அக்கா செத்துப்போனா எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

"ஒவ்வொரு முறையுமோ?"

"ஓம். ஒவ்வொரு முறையும்."

"முதல் நாள் கேட்ட மாதிரி அழுவீரப்பா."

"அழுதா அழுறன். என்ர அக்காதானே."